ஒரு துளை, இரண்டு சம்பந்திகள்

மூன்றாவது பலூனும் வெடித்தபோது, கூடத்தின் இரண்டு பக்கத்து அறைக் கதவுகளும் ஒன்றாகத் திறந்தன. இடப்பக்கக் கதவில் டீச்சரின் அப்பா நின்றார். வலப்பக்கக் கதவில் டீச்சரின் மாமனார் நின்றார். இருவரும் முதலில் கூடத்தின் நடுவே பலூன் கிழிசல்களோடு உட்கார்ந்திருந்த டீச்சரைப் பார்த்தார்கள். பிறகு, பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட மாதிரி ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு கதவுகளும் ஒன்றாக மூடிக்கொண்டன.

"திறக்க வேண்டியது திறக்க மாட்டேங்குது. தப்பித் தவறித் திறந்தா உடனே மூடிக்குது," என்று டீச்சர் தனக்குள் முனகிக்கொண்டே நான்காவது பலூனை எடுத்தாள்.

அவள் சொன்னது அப்பாவையும் மாமனாரையும் பற்றி அல்ல. இலைத்துளையைப் பற்றி.

டீச்சர் கல்லூரியில் தாவர உள்ளமைப்பு சொல்லிக்கொடுப்பவள். அதிலும் இலைத்துளைப் பாடம் என்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மாணவர்கள் அவளுக்குத் ‘துளை டீச்சர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. அவளுக்கு முன்னால் அந்தப் பாடத்தை எடுத்தவரின் பெயர் ‘வேரழுகல்’.

பெயரால் வந்த கஷ்டம் ஒன்றுமில்லை. வந்ததெல்லாம் விடைத்தாளில்தான். இலைத்துளை என்பது பூச்சி கடித்த இடம் என்று ஒருத்தி எழுதியிருந்தாள். பகலெல்லாம் உழைத்த களைப்பில் மாலையில் மூடிக்கொள்ளும் என்று ஒருவன் எழுதியிருந்தான். அவன்மேல் இரக்கப்பட்டு அரை மதிப்பெண் போட்டாள். மற்றவர்கள் எல்லாரும், சொல்லிவைத்த மாதிரி, விஷயத்தைத் தலைகீழாக எழுதியிருந்தார்கள்.

விஷயம் இதுதான். இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. ஒவ்வொரு துளைக்கும் இருபுறமும் காவல்காரர்கள் மாதிரி இரண்டு செல்கள், அவரை விதை வடிவத்தில், முனையோடு முனை ஒட்டி நிற்கின்றன. அவற்றுக்குக் காப்புச் செல்கள் என்று பெயர். தண்ணீர் குடித்து அவை உப்பினால் நடுவில் துளை திறக்கும். தண்ணீர் வற்றித் தொய்ந்தால் துளை மூடும்.

"அது எப்படி டீச்சர்?" என்று கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்து கேட்டாள். "பஸ்ல ஒரே சீட்ல ரெண்டு குண்டான ஆளுங்க உக்காந்தா நடுவுல இடம் அடைஞ்சுதானே போகும்?"

வகுப்பே ஆமாம் என்றது. துளையைப் பார்த்த பக்கத்துச் சுவர் தடிப்பு, வெளிப்பக்கத்துச் சுவர் மெல்லிசு, அதனால் செல் உப்பும்போது வெளிப்பக்கமாக வில் மாதிரி வளைந்துகொள்கிறது என்று டீச்சர் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினாள். எல்லாரும் தலையாட்டினார்கள். தேர்வில் பஸ் சீட்டைத்தான் எழுதினார்கள்.

துறைத் தலைவர் சுருக்கமாகப் பேசுகிறவர். வெள்ளிக்கிழமை எல்லா ஆசிரியர்கள் முன்னிலையிலும் இந்தப் பாடத்துக்குப் புதிய கற்பித்தல் கருவியோடு வகுப்பெடுக்க வேண்டும், பிள்ளைகளுக்குப் புரிந்தால் சரி, புரியாவிட்டால் பாடம் கைமாறும் என்று சொல்லிவிட்டார். யாருக்குக் கைமாறும் என்று டீச்சர் கேட்கவில்லை. துறையில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் எல்லாப் பாடத்துக்கும் கணினியில் பொம்மைப் படம் செய்துவந்தார். அவருடைய காப்புச் செல்களுக்குக் கண் இமை உண்டு. அவை பாட்டுப் பாடும். தன் இலைத்துளையைப் பாட்டுப் பாட விடுவதில்லை என்று டீச்சர் முடிவுகட்டி, நீளப் பலூன் ஒரு பாக்கெட்டும் ஒட்டுநாடாவும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

பலூனின் ஒரு பக்கம் நாடாவை ஒட்டினால் அதுதான் தடித்த சுவர். ஊதினால் மறுபக்கம் மட்டும் உப்பி, பலூன் வளையும். இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் நடுவில் துளை. யோசனை அழகாகத்தான் இருந்தது. நான்காவது பலூன் கொஞ்சம் வளையவும் செய்தது. பிறகு அதுவும் வெடித்தது.

வலப்பக்க அறைக்குள்ளிருந்து, "உஷ்," என்று ஒரு சத்தம் வந்தது.

டீச்சர் ஐந்தாவது பலூனைக் கீழே வைத்தாள். அந்த இரண்டு எழுத்தும் ஒரு புள்ளியும்தான் இந்த வீட்டின் தலையெழுத்தையே மாற்றியவை.

டீச்சரின் அப்பா ஆயுள் முழுவதும் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். அவர் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் மூட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். மாமனார் ஆயுள் முழுவதும் நூலகராக இருந்தவர். அவருக்குத் தும்மல் வந்தால் கண்ணில் மட்டும்தான் தெரியும். கல்யாண விருந்தன்று அறிவிப்பாளர் எழுந்து மணமக்களை வாழ்த்திப் பேசினார். குரல் உச்சத்துக்குப் போன இடத்தில், பழக்க தோஷத்தால், நூலகர் உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்றுவிட்டார். மண்டபமே அடங்கிப்போயிற்று. அன்று அடங்கியதுதான். அதற்குப் பிறகு சம்பந்திகள் இருவரும் ஒரு வார்த்தை பேசி வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

காலப்போக்கில் இருவரும் தனி ஆளாகி, இருவரும் பிள்ளைகளோடு இருக்க வந்துசேர்ந்தார்கள். வீட்டில் இருந்தது இரண்டே படுக்கையறை. ஒரே உறையில் இரண்டு கத்தியை எப்படி வைப்பது? ஆளுக்கொரு அறை கொடுக்க வேண்டியதாயிற்று. செய்தித்தாள் இரண்டு, ரேடியோ இரண்டு, ஜன்னலோர நாற்காலி இரண்டு. டீச்சரும் கணவனும் கூடத்தில் மடக்குக் கட்டிலில் படுத்தார்கள். கணவன் நெட்டை. கட்டிலுக்கு வெளியே தொங்கும் அவன் கால்களுக்குக் கீழே ஒரு முக்காலி போட்டிருந்தது. டீச்சரின் நுண்ணோக்கி சமையலறையில் மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் குடியிருந்தது. ஒருமுறை இலைத்தோலில் புதுவிதமான ஸ்டார்ச் மணிகளைக் கண்டு அவள் ஆனந்தப்பட்டாள். துறைத் தலைவரிடம் சொல்லப் போகும் வழியில்தான் அன்று காலை மாவு சலித்தது நினைவுக்கு வந்தது.

"உஷ்" வந்த மறுநொடி, இடப்பக்க அறைக்குள்ளிருந்து பதில் புறப்பட்டது. பதில் மகளுக்கும் இல்லை, சம்பந்திக்கும் இல்லை. பொதுவில் விடப்பட்ட அறிவிப்பு. பலூன் வெடித்தால் சத்தம் வரும் என்பதும், சத்தம் பிடிக்காதவர்கள் அடுத்த வண்டியில் புறப்படலாம் என்பதும் அதன் சாரம். டீச்சர் பலூன்களை வாரிச் சுருட்டி அலமாரிக்கு அடியில் தள்ளினாள்.

மாலையில் கணவன் வந்தான். அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். மனைவியின் கவலையைக் கேட்டுவிட்டு, இது ஒரு பெரிய விஷயமா என்கிற மாதிரி சிரித்தான்.

"திறக்கணும், மூடணும். அவ்வளவுதானே? அதுதானே என் பொழைப்பே," என்றான்.

மறுநாள் அவன் பழைய லாரி ட்யூப் இரண்டும், காற்றடிக்கும் மோட்டார் ஒன்றும் கொண்டுவந்தான். ட்யூபை வெட்டி, முனைகளை ஒட்டி, ஆள் உயரத்துக்கு இரண்டு காப்புச் செல்கள் செய்தான். தடித்த சுவருக்காக ஒவ்வொன்றிலும் கெட்டியான கித்தான் பட்டை ஒட்டினான். பச்சை வண்ணமும் பூசினான், ஏனென்றால் இலையின் மேல்தோலில் பச்சையம் இருப்பது காப்புச் செல்களில் மட்டும்தான் என்று டீச்சர் சொல்லியிருந்தாள். பார்க்க அம்சமாக இருந்தது. கூடத்தில் கட்டில் இடத்தை அடைத்துக்கொண்டதால், குளியலறைக்குப் போகும் நடையில் இரண்டையும் நிறுத்தி மோட்டாரைப் போட்டான்.

நூலகர் அப்போது குளியலறைக்குள் இருந்தார். அறிவிப்பாளர் தோளில் துண்டோடு வெளியே கதவோரமாகத் தன் முறைக்காகக் காத்திருந்தார். இதை மோட்டாரைப் போடுவதற்கு முன்னால் யாரும் கவனிக்கவில்லை.

ட்யூப்கள் உப்பத் தொடங்கின. டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடுவில் துளை தெரிகிறதா என்று பார்த்தாள். துளை தெரியவில்லை. ட்யூப் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, கன்னத்தோடு கன்னம் வைத்து, நடையைச் சுவருக்குச் சுவர் அடைத்துக்கொண்டன. ஒன்றின் முதுகு குளியலறைக் கதவின்மேல் பதிந்தது. வெளிப்பக்கம் திறக்கும் கதவு அது. கணவன் மோட்டாரை நிறுத்தினான். ஆனால் உள்ளே போன காற்று வெளியே வரவில்லை. காற்றைத் திறந்துவிடும் திருகு அந்தப் பக்கத்தில், அறிவிப்பாளரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"அப்பா, அந்தத் திருகைக் கொஞ்சம் திறந்து விடுங்க. மாமா உள்ள மாட்டிக்கிட்டார்," என்றாள் டீச்சர், ட்யூபுக்கு மேலே எக்கி.

"மாட்டிக்கிட்டவர் வாயைத் திறந்து சொல்லட்டும். நான் திறக்கிறேன்," என்றார் அப்பா.

உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது. ஆனாலும் பேச்சு வரவில்லை. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு, ஓய்வுபெற்ற நாளிலிருந்து காத்துக்கிடந்த குரல், குளியலறை நடையின் எதிரொலியோடு முழங்கியது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. குளியலறையிலிருந்து புறப்பட வேண்டிய பெரியவர், ‘தயவுசெய்து’ என்ற ஒரு சொல் இன்னும் வந்துசேராத காரணத்தால், காலவரையின்றித் தாமதமாகப் புறப்படுவார்."

சற்று நேரம் கழித்து உள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது. "மருமகளே, படிக்கிற இடத்துல சத்தம் போடுறவங்ககிட்ட நான் பேசுறது இல்லன்னு உங்கப்பாகிட்ட சொல்லிடும்மா."

குளியலறையில் அவர் என்ன படித்துக்கொண்டிருந்தார் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

டீச்சர் அந்தப் பக்கத்துப் பேச்சை இந்தப் பக்கமும், இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கமும் கொண்டுபோனாள். இருவருக்கும் நடுவில் ஒரு கதவுதான் இருந்தது. அவர்கள் சொல்வது இருவருக்குமே நன்றாகக் கேட்டது. இருந்தாலும் அவள் திருப்பிச் சொல்லும்வரை இருவரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். ‘தயவுசெய்து’ வேண்டாம், ‘சரி’ என்றாலே போதும் என்று அப்பா கொஞ்சம் இறங்கினார். ‘சரி’யை மருமகளிடம் சொல்வதற்குத் தடையில்லை என்று மாமனார் கொஞ்சம் இறங்கினார். சமரசம் கைக்கு எட்டுகிற நேரத்தில் கணவன் பொறுமையிழந்து ஸ்க்ரூடிரைவரால் ட்யூபை ஒரு குத்துக் குத்தினான்.

பிறகு நடந்ததை மாடி வீட்டுக்காரர்கள் ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். ட்யூப் மலைப்பாம்பு மாதிரி துள்ளிச் சுவருக்குச் சுவர் மோதி, போகிற போக்கில் ஜன்னல் திரையை உருவிக்கொண்டு, கூடத்தில் கட்டிலின்மேல் போய் விழுந்தது. மற்றொரு ட்யூப் துணைக்கு ஆளில்லாமல் சரிந்தது. குளியலறைக் கதவு திறந்தது. தலையெல்லாம் சோப்பு நுரையோடு நூலகர் வெளியே வந்தார். எதிரில் நின்ற சம்பந்தியை, காலியான அலமாரித் தட்டைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுக் கடந்து போனார்.

கணவன் கிழிந்த ட்யூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கித்தான் பட்டையைத் துளையைப் பார்த்த பக்கம் ஒட்டுவதற்குப் பதிலாக வெளிப்பக்கம் ஒட்டியிருந்தான்.

"உப்பினா மூடிக்கிச்சே. பசங்க எழுதினதுதான் சரி போல," என்றான்.

தரையில் உட்கார்ந்த டீச்சர் எழுந்திருக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை கேட்டிருக்கிறாள். குரங்கும் வெடித்துப்போன கதையை இப்போதுதான் பார்க்கிறாள். மறுநாள் வெள்ளிக்கிழமை. கண்ணுக்கு முன்னால் இமை கொட்டிப் பாடும் காப்புச் செல்கள் வந்து நின்றன. தன் பாடம் தன் கையை விட்டுப் போகிறது என்று நினைத்தபோது அவளுக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

கணவனுக்கு மனசு கேட்கவில்லை. அவளைத் தூக்கிவிட இரண்டு கைகளையும் நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள். கால் வழுக்காமல் இருக்க இருவரும் பாதத்தோடு பாதம் வைத்துக்கொண்டார்கள். அவன் பின்னால் சாய்ந்து இழுத்தான். அவளும் பின்னால் சாய்ந்து எழுந்தாள். அப்படியே பாதி வழியில் அவள் நின்றுவிட்டாள்.

"அசையாதீங்க," என்றாள்.

"ஏன், இடுப்பு பிடிச்சுக்கிச்சா?"

"நடுவுல பாருங்க."

கைகள் மேலே சேர்ந்திருந்தன, பாதங்கள் கீழே சேர்ந்திருந்தன. இரண்டு முதுகுகளும் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. நடுவில், சுத்தமான கண் வடிவத்தில், ஒரு துளை இருந்தது. விறைத்துச் சாய்ந்தால் திறக்கிறது. தொய்ந்து முன்னால் விழுந்தால் மூடுகிறது. டீச்சருக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அதற்குள் கனம் தாங்காமல் அவள் கை நழுவிக் கட்டிலில் விழுந்தாள். ஒட்டடைக்கம்பு மாதிரி நெட்டையான கணவன் எதிர்ச்சுவரில் போய்ச் சாய்ந்துகொண்டான்.

இரண்டு செல்களும் ஒரே அளவாக, ஒரே கனமாக இருக்க வேண்டும் என்பது புரிந்துபோயிற்று. மாணவர்களை நிறுத்தலாம் என்றால், பரீட்சைக் காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் தொய்ந்த செல்களாகவே இருந்தார்கள். நன்றாக விளைந்த, உருண்டு திரண்ட இரண்டு பேர் வேண்டும். அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, விழுந்த சத்தம் கேட்டு இடப்பக்க அறைக் கதவு திறந்து ஒரு தொந்தி எட்டிப் பார்த்தது. வலப்பக்க அறைக் கதவு திறந்து மற்றொரு தொந்தி எட்டிப் பார்த்தது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன.

"வேண்டாம்," என்றான் கணவன், அவள் முகத்தைப் பார்த்ததுமே.

டீச்சர் முதலில் அப்பாவின் அறைக்குப் போனாள். உண்மையைச் சொன்னால் காரியம் ஆகாது என்று தெரியும். உங்களை அழைக்கலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் உங்களால் அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியாது என்று மாமா சொல்கிறார் என்று பெருமூச்சு விட்டாள். அப்பா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். அடுத்து மாமனாரின் அறைக்குப் போனாள். உங்களுக்கு முதுகு போய்விட்டது, பின்னால் சாய்ந்தால் நிமிர மாட்டீர்கள் என்று அப்பா சொல்கிறார் என்றாள். மாமனார் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் அடையாளம் வைத்து மூடினார். அவர் புத்தகத்தைப் பாதியில் மூடி அவள் பார்த்ததே இல்லை.

ஒத்திகையில் கஷ்டம் கூடியது. இருவரும் வந்துவிட்டார்கள், ஆனால் கையைப் பிடிக்க மாட்டேன் என்றார்கள். கடைசியில் குளிர்காலக் கையுறை போட்டுக்கொண்டு பிடித்தார்கள். முகத்தைப் பார்க்க மாட்டேன் என்றார்கள். ஒருவர் விட்டத்தையும் ஒருவர் தரையையும் பார்த்தார்கள். டீச்சர் "தண்ணீர் ஏறுது" என்றதும் இருவரும் சாய்ந்தார்கள். துளை அற்புதமாகத் திறந்தது. ஆனால் யாருக்கு முதுகு பலம் என்பதில் போட்டி வந்துவிட்டதால் அது திறந்துகொண்டே போயிற்று. உலகத்தில் எந்த இலையிலும் இல்லாத அளவுக்குத் திறந்தபோது ஒரு கையுறை கழன்றது. அப்பா ஜன்னலோரத் தொட்டிச்செடியின் மேலும், மாமனார் கணவனின் மேலும் விழுந்தார்கள்.

"நான் விடல. கையுறைதான் விட்டுச்சுன்னு சொல்லும்மா," என்றார் மாமனார், மருமகளிடம்.

"என் செடியும் அப்படித்தான் சொல்லுது," என்றார் அப்பா, ஜன்னலிடம்.

வெள்ளிக்கிழமை வகுப்பு நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் ஆசிரியர்கள். நடுவில் துறைத் தலைவர், கையைக் கட்டிக்கொண்டு. ஓரத்தில் பொம்மைப் படக்காரர், ஒருவேளை தேவைப்பட்டால் என்று மடியில் கணினியோடு. காப்புச் செல்கள் இரண்டும் பச்சைப் போர்வை சுற்றிக்கொண்டு, இரண்டு வேறு வேறு வாசல்கள் வழியாக உள்ளே வந்தன. வகுப்பு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

இருவரும் பாதத்தோடு பாதம் வைத்தார்கள். கையுறையை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார்கள். ஒரு கணம் இருவரும் தயங்கினார்கள். பிறகு வெறுங்கையோடு பிடித்துக்கொண்டார்கள்.

டீச்சர் ஜன்னல் திரையை விலக்கினாள். வெயில் உள்ளே விழுந்தது. வெளிச்சம் வந்தால் காப்புச் செல்கள் தண்ணீர் குடிக்கும் என்று சொல்லி, ஆளுக்கு ஒரு தம்ளர் தண்ணீரை வாயில் ஊற்றினாள். இருவரும் மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்திப் பின்னால் சாய்ந்தார்கள். போர்வைக்குள் முதுகுகள் வில்லாக வளைந்தன. நடுவில் துளை திறந்தது.

அத்தோடு நின்றிருந்தால் போதும். ஆனால் அத்தனை பேர் கூடிய இடத்தில், ஒலிபெருக்கி இல்லாவிட்டால்தான் என்ன, அறிவிப்பாளருக்கு வாய் சும்மா இருக்குமா?

"கவனிக்கவும், கவனிக்கவும். இலைத்துளை இப்போது திறந்துவிட்டது. உள்ளே வர வேண்டிய கரியமில வாயு வரலாம். வெளியே போக வேண்டிய நீராவி போகலாம்."

"உஷ்ஷ்," என்றார் நூலகர்.

டீச்சருக்குக் கல்யாண மண்டபம் கண்முன் வந்தது. ஆனால் கடைசி பெஞ்சிலிருந்து, பஸ் சீட்டைப் பற்றிக் கேட்ட அதே பெண் எழுந்து, "டீச்சர், நீராவி போற சத்தம்," என்றாள். வகுப்பே கைதட்டியது.

நூலகர் திகைத்துப் போனார். அவருடைய "உஷ்"ஷுக்கு வாழ்நாளில் யாரும் கைதட்டியதில்லை. அவர் மெல்ல இன்னொருமுறை "உஷ்ஷ்ஷ்" என்றார், இந்தமுறை கொஞ்சம் நீட்டி. அறிவிப்பாளர் உற்சாகமாகி, நீராவி சரியான நேரத்தில் புறப்படுகிறது என்றார். கரியமில வாயுவாக யார் வருகிறீர்கள் என்று டீச்சர் கேட்டாள். ஒருவர் பின் ஒருவராகப் பிள்ளைகள் வரிசையில் வந்து, இரண்டு தொந்திகளுக்கும் நடுவே குனிந்து புகுந்து போனார்கள். வரிசையின் கடைசியில் பொம்மைப் படக்காரர் கணினியை மேசைமேல் வைத்துவிட்டு வந்து நின்றார். அவரைத் தொடர்ந்து துறைத் தலைவர், கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வாயுவாகப் புகுந்து போனார்.

பிறகு டீச்சர் திரையை மூடினாள். தண்ணீர் வற்றிவிட்டது என்றாள். இரண்டு செல்களும் தொய்ந்தன. மெல்ல மெல்ல முன்னால் சரிந்து, ஒருவர் தோளில் ஒருவர் தலை சாய்த்து, இறுக மூடிக்கொண்டன. கைதட்டல் ஓய்ந்து, பிள்ளைகள் அதே கேள்விக்கு மறுபடி விடையெழுத உட்கார்ந்த பிறகும் அவர்கள் அப்படியே இருந்தார்கள். அறிவிப்பாளரின் கை சம்பந்தியின் முதுகைத் தட்டிக்கொடுப்பதை டீச்சர் கண்ணால் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கரும்பலகையை அழிப்பது போல் திரும்பிக்கொண்டாள்.

விடைத்தாள்கள் வந்தன. ஒருவரும் தலைகீழாக எழுதவில்லை. எல்லாப் படத்திலும் துளை சரியாகத் திறந்திருந்தது. சிலர் ஒரு காப்புச் செல்லுக்கு மீசையும் மற்றொன்றுக்கு மூக்குக் கண்ணாடியும் வரைந்திருந்தார்கள். அவள் அதற்கும் மதிப்பெண் போட்டாள். துறைத் தலைவர் அவள் மேசைக்கு வந்து, "பாடம் உங்களுதுதான்," என்று மூன்று சொல்கூட இல்லாமல் சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சர் கணவனுக்குப் போன் செய்தாள். வருஷக்கணக்கில் சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்து முடியாததை ஓர் இலைத்துளை முடித்துவிட்டது என்றாள். இனி பெரிய அறையில் இரண்டு கட்டிலைப் போட்டு இரண்டு பேரும் பேசிச் சிரித்துக்கொண்டு இருக்கட்டும் என்றாள். மற்ற அறை தங்களுக்கு. நுண்ணோக்கிக்கு ஜன்னலோரத்தில் ஒரு மேசை. முக்காலியை என்ன செய்வது என்று கணவன் கேட்டான்.

அப்பாவும் மாமனாரும், வீட்டுக்கு அவரவர் வழியில் வந்துசேர்வதாகச் சொல்லி முன்னதாகவே கிளம்பிப் போயிருந்தார்கள். முதல் நாளே ஒன்றாக வரக் கூச்சமாக இருக்கும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். அவர்கள் வருவதற்குள் வீட்டில் ஏதாவது கொண்டாட்டம் வைக்க வேண்டும் என்று தோன்றியது. கல்லூரித் தெருவைத் தாண்டி, பூங்காவுக்கு எதிரே இருந்த கேக் கடைக்குள் நுழைந்தாள். அந்தக் கடைக்கு அவள் வந்ததே இல்லை. கல்லாவில் இருந்த பெண்மணி நல்ல சிரித்த முகம். பெரிய கேக்காக ஒன்றைக் காட்டி, மேலே ‘வாழ்க ஒற்றுமை’ என்று எழுதித் தரச் சொன்னாள் டீச்சர்.

கல்யாணமா என்று அந்தம்மாள் கேட்டாள். கல்யாணத்தில் பிரிந்தவர்கள் இன்றைக்குத்தான் சேர்ந்தார்கள் என்றாள் டீச்சர். சந்தோஷத்தில் மனசு நிறைந்திருந்தவளுக்கு முன்பின் தெரியாதவர்களிடமும் சொல்ல வேண்டும் போலிருந்தது. கதையைச் சொல்லி, பச்சைப் போர்வையோடு இருவரும் கட்டிக்கொண்டு நின்ற படத்தைப் போனில் எடுத்துக் காட்டினாள்.

அந்தம்மாள் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். கண்ணை இடுக்கிக்கொண்டு இன்னொருமுறை பார்த்தாள். பிறகு, கேக்கின்மேல் எழுதுவதற்கு எடுத்த க்ரீமைக் கீழே வைத்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தாள்.

"இவங்களா? தினமும் சாயங்காலம் அந்த மூலை மேசையில ஒரு கேக்கைப் பாதிப் பாதியாத் தின்னுக்கிட்டு ஊர்க்கதை பேசுவாங்களே. வீட்டுலதான் பேசிக்க மாட்டாங்களாம் மேடம், பேசினா ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போட்டுடுவாங்களாம்."